இன்னும் ஒரு ஹார்ட் வருமா? போக்கர் கணக்கு: கேள்வி பதில்

டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் ஆளுக்கு 2 சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக 5 சீட்டு: முதலில் மூன்று (ஃப்ளாப்), அடுத்து ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). இந்த ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. இன்னும் ஒரே ஒரு சீட்டு வந்தால் போதும் என்ற நிலையில் காத்திருப்பது பற்றித்தான் இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம்.

அண்ணா, என் கையில் ஹார்ட் ஏஸ், ஹார்ட் 8. ஃப்ளாப்பில் ஹார்ட் ராஜா, ஹார்ட் 4, கிளாவர் 9. ஃபிளஷ் அடிக்க எவ்வளவு வாய்ப்பு?

ஃபிளஷ் என்றால் ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு. ஒரு ஜாதியில் 13 சீட்டு. அதில் நான்கைப் பார்த்துவிட்டீர்கள், மீதி 9. கட்டில் 52 சீட்டு. உங்கள் கண்ணில் பட்டது 5, படாதது 47. ஆக, அடுத்த சீட்டே ஹார்ட்டாக இருக்க 47-இல் 9, சுமார் 19 சதவீதம். டர்னில் வராமல் ரிவருக்குக் காத்திருந்தால் 46-இல் 9, அதாவது 19.6. இரண்டில் ஏதாவது ஒன்றில் வந்தால் போதும் என்றால் 35 சதவீதம்.

எதிரில் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கையிலேயே 8 சீட்டு போய்விட்டதே! 47 எப்படி சார் சரியாகும்?

எனக்கு வரும் கேள்விகளில் அதிகம் வருவது இதுதான். நானும் ஒரு காலத்தில் இதில் முட்டிக்கொண்டு நின்றவன்.

அந்த 8 சீட்டில் ஹார்ட் எத்தனை என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. எதுவும் இல்லாமலும் இருக்கலாம், நாலும் இருக்கலாம். அடுத்து புரட்டப்போகும் சீட்டு உங்களைப் பொறுத்தவரை அந்த 47-இல் ஏதோ ஒன்று. அது கட்டின் உச்சியில் இருந்தால் என்ன, அடியில் இருந்தால் என்ன, பக்கத்து ஆள் கையில் இருந்தால் என்ன? நன்றாகக் கலைத்த கட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே வாய்ப்புதான். யாராவது கைதவறித் தன் சீட்டைக் காட்டிவிட்டால் மட்டும் கணக்கு மாறும். காட்டியது ஹார்ட் என்றால் 46-இல் 8, இல்லையென்றால் 46-இல் 9.

டர்னில் 19, ரிவரில் 19. கூட்டினால் 38 வருகிறது. 35 என்கிறீர்களே?

கூட்டினால் இரண்டிலுமே ஹார்ட் வரும் ஆட்டங்களை இரண்டு தடவை எண்ணிவிடுகிறீர்கள். அது சுமார் 3.3 சதவீதம். கழித்தால் 35. இதைவிடச் சுலபம், வராமல் போவதைக் கணக்கிடுவது: 47-இல் 38, பெருக்கல் 46-இல் 37. அது 65 சதவீதம். மீதிதான் உங்களுடையது.

எனக்குக் கணக்கே வராது. குறுக்குவழி?

இரண்டு சீட்டும் பாக்கி என்றால் உதவும் சீட்டுகளை 4-ஆல் பெருக்குங்கள், ஒன்றுதான் பாக்கி என்றால் 2-ஆல். 9 நான்கு 36, உண்மை விடை 35. போதும். உதவும் சீட்டுகள் எட்டைத் தாண்டினால் இந்த வழி கொஞ்சம் கூட்டிச் சொல்லும். ஃபிளஷுக்கும் இருபக்க ஸ்ட்ரெயிட்டுக்கும் (ஸ்ட்ரெயிட் என்றால் வரிசையாக ஐந்து எண்; இருபக்கம் என்றால் எந்த முனையில் வந்தாலும் சரி) சேர்த்துக் காத்திருந்தால் 15 சீட்டு. பெருக்கினால் 60, உண்மையில் 54. எட்டுக்கு மேல் எத்தனையோ அத்தனையைக் கழித்துவிடுங்கள்: 60-இல் 7 போக 53.

ஸ்ட்ரெயிட்டுக்குக் காத்திருப்பதும் அப்படித்தானா?

ரம்மி ஆடியிருந்தால் இது கைவந்த கலை. 5, 6 வைத்துக்கொண்டு 4 அல்லது 7 வருமா என்று பார்ப்பதற்கும், 5, 7 வைத்துக்கொண்டு நடுவில் 6 வருமா என்று ஏங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். 6, 7, 8, 9 இருந்தால் 5-உம் 10-உம் உதவும்: 8 சீட்டு, இரண்டு வாய்ப்பில் 31.5 சதவீதம். 6, 7, 9, 10 இருந்தால் 8 மட்டும்: 4 சீட்டு, 16.5 சதவீதம். ஏறக்குறைய பாதி.

ஒன்று பாருங்கள். வரும் சீட்டு எதிராளிக்கும் உதவக்கூடும். நடுவில் ஸ்பேட் 7, ஸ்பேட் 6, டைமண்ட் ராஜா. உங்கள் கையில் கிளாவர் 9, ஹார்ட் 8. ஸ்பேட் 10 வந்தால் உங்களுக்கு ஸ்ட்ரெயிட், ஆனால் நடுவில் மூன்று ஸ்பேட். எதிராளி கையில் இரண்டு ஸ்பேட் இருந்தால் அவருக்கு ஃபிளஷ், அது ஸ்ட்ரெயிட்டை வெல்லும்; கதை முடிந்தது. ஸ்பேட் 5-உம் அப்படியே. அதனால் நான் எட்டை ஆறாகத்தான் எண்ணுவேன்.

சரி, 35 சதவீதம். கட்டலாமா, வேண்டாமா?

விலை தெரியாமல் எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் புளியங்கொட்டை வைத்துத்தான் ஆடுவோம். நடுவில் 100 கொட்டை. எதிராளி 50 கட்டுகிறார். நீங்கள் 50 போட்டால் மொத்தம் 200. 200-க்கு 50 என்றால் நாலில் ஒரு தடவையாவது, அதாவது 25 சதவீதம், ஜெயித்தால்தான் கட்டுப்படியாகும்.

உங்களுக்கு 35 இருக்கிறதே என்று குதிக்காதீர்கள். இந்த 50-க்கு இரண்டு சீட்டையும் பார்க்கக் கிடைத்தால்தான் 35. எதிராளி கையில் இருப்பது மொத்தமே அந்த 50 என்றால் தாராளமாகக் கட்டலாம். இல்லையென்றால் டர்ன் வந்ததும் இன்னொரு முறை கட்டச் சொல்வார். அப்போது உங்கள் எண் 19 மட்டுமே. இந்தக் குழப்பத்தில் மாதக்கணக்கில் கொட்டை இழந்தவன் நான். என் மச்சான் இன்றும் சொல்லிக் காட்டுவார்.

19-இலும் கட்ட ஒரு நியாயம் உண்டு: ஹார்ட் விழுந்த பிறகு அவரிடமிருந்து இன்னும் 61 கொட்டையாவது கறக்க முடியும் என்ற நம்பிக்கை. உதவாத சீட்டு 38-க்கு உதவும் சீட்டு 9 என்ற விகிதத்தில் 50-க்கு 211 தேவை, நடுவில் இருப்பது 150. ஆனால் மூன்று ஹார்ட்டைப் பார்த்ததும் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடும் ஆளிடம் அந்த 61 கிடைக்காது.

ஆறு தடவை தொடர்ந்து ஃபிளஷ் வரவில்லை. இந்தத் தடவை வரும்தானே?

சீட்டுக்கு ஞாபகம் கிடையாது தம்பி.

பெரிய போட்டி எதிலாவது இந்தக் கணக்கைக் காட்ட முடியுமா?

2003 உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி. கடைசியில் கிறிஸ் மணிமேக்கரும் சாமி ஃபார்ஹாவும். மணிமேக்கர் கையில் ஸ்பேட் ராஜா, ஹார்ட் 7. டர்ன் வரை நடுவில் ஸ்பேட் 9, டைமண்ட் 2, ஸ்பேட் 6, ஸ்பேட் 8. ஃபிளஷுக்கு 9 ஸ்பேட், ஸ்ட்ரெயிட்டுக்கு மற்ற ஜாதிகளின் 5-உம் 10-உம் சேர்ந்து 6. ஆக 46-இல் 15, சுமார் 33 சதவீதம். அவர் கண்ணுக்குத் தெரிந்த கணக்கு இது.

ஃபார்ஹா கையில் ஸ்பேட் ராணி, ஹார்ட் 9. இதைப் பார்த்துவிட்டு எண்ணினால் ஸ்பேட் ஒன்று குறையும். ஆனால் எதிரில் இருப்பது 9 ஜோடிதான் என்று தெரிவதால் மூன்று ராஜாக்களும் உதவும். 44-இல் 17, கிட்டத்தட்ட 39. ஒரே சீட்டு, பார்ப்பவர் யார் என்பதைப் பொறுத்து இரண்டு விடை.

ரிவரில் வந்தது ஹார்ட் 3. ஒன்றுக்கும் உதவாத சீட்டு. மணிமேக்கர் தன்னிடமிருந்த அத்தனையையும் நடுவில் தள்ளினார். ஃபார்ஹா யோசித்துப் பார்த்துவிட்டு, ஜெயிக்கிற ஜோடியைக் கவிழ்த்து வைத்தார்.