வாசகர் கேள்விகள்: வைன் ஸ்ட்ரீட்டில் யார் வீட்டுக்காரர்?

போன இதழில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள சின்சினாட்டி நகரத்தின் 2001 கலவரம் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். நான் பல வருடம் வேலை பார்த்த ஊர் என்பதும் அதில் இருந்தது. அதற்கு வந்த கேள்விகளே இந்தப் பக்கத்துக்குப் போதும்.

ஒரே ஒரு துப்பாக்கிச் சூட்டுக்காக ஒரு நகரமே எரியுமா?

நகரம் எரியவில்லை. கலவரம் பெரும்பாலும் டவுன்டவுனும், அதற்கு வடக்கே ஒட்டியிருக்கும் ஓவர்-தி-ரைன் என்ற ஏழைப் பேட்டையும்தான். 2001 ஏப்ரல் 7 அதிகாலை, டிமோதி தாமஸ் என்ற 19 வயது கறுப்பின இளைஞர் போலீஸைக் கண்டு ஓடினார். ஒரு இருட்டுச் சந்தில் சுடப்பட்டு இறந்தார். கையில் ஆயுதம் எதுவும் இல்லை. அவர்மீது 14 வாரன்ட் இருந்தது என்றதும் பலர் 'ஓஹோ' என்றார்கள். அதில் 12 போக்குவரத்து வழக்குகள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது, சீட் பெல்ட் போடாதது, இந்த மாதிரி.

1995-இலிருந்து கணக்கு வைத்தால், அந்நகரப் போலீஸ் கையில் இறந்த 15-ஆவது கறுப்பின ஆண் அவர். அந்தப் பதினைந்து பேரில் சிலரிடம் ஆயுதம் இருந்தது உண்மை. போலீஸ் தரப்பு அதை விடாமல் சொன்னது. ஆனால் இன்னொரு தேதியையும் பாருங்கள். போலீஸின் இனப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின அமைப்பு ஒன்றும் மனித உரிமை வழக்கறிஞர்களும் மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது 2001 மார்ச்சில், அதாவது ஒரு மாதம் முன்னால். திடீரென்று வெடித்தது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். சுட்ட போலீஸ்காரர் அந்தச் செப்டம்பரிலேயே விடுதலையானார்.

நீங்கள் அப்போது அங்கேதானே இருந்தீர்கள்? பயமாக இல்லையா?

டவுன்டவுனில் வேலை, புறநகரில் வீடு. மேயர் ஏப்ரல் 12-ஆம் தேதி நெருக்கடி நிலை அறிவித்து இரவு 8 மணியிலிருந்து ஊரடங்கு போட்டார். எங்கள் ஆபீஸில் மதியமே 'கிளம்புங்கள்' என்றார்கள். நான் காரில் ஏறிப் போய்விட்டேன். பயப்பட வேண்டியவர்கள் அங்கேயே வீடு இருந்தவர்கள்.

தப்பு செய்யாதவனுக்குப் போலீஸிடம் என்ன பயம்?

இந்தக் கேள்வியைக் கேட்ட அன்பருக்கு ஒரு பாட்டியின் கதை. 1996-இல் சின்சினாட்டி நகர மன்றம் ஒரு சட்டம் போட்டது. ஓவர்-தி-ரைனில் போதைப்பொருள் வழக்கில் கைதானால் 90 நாள் வரை அந்தப் பேட்டைக்குள் கால் வைக்கக் கூடாது. தண்டனை பெற்றால் ஒரு வருடம். கவனியுங்கள், 90 நாள் தடைக்குக் கைது போதும், குற்றம் நிரூபணமாக வேண்டியதில்லை. 1998-இல் ஒரு பாட்டி கஞ்சா வழக்கில் கைதானார். குற்றம் சாட்டவே போதிய ஆதாரம் இல்லை என்று கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடர ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்கும் பொதுமக்கள் குழு) விட்டுவிட்டது. ஆனால் தடை விதித்தாயிற்று. அவருடைய பேரப்பிள்ளைகள் வசித்தது அந்தப் பேட்டைக்குள்; அவர்களைப் பள்ளிக்கு நடத்திக்கொண்டு போவது அவர் வேலை. அதே சட்டத்தில் மாட்டிய வீடில்லாத ஒருவருக்குச் சாப்பாடு, தங்குமிடம், வக்கீல் ஆபீஸ் மூன்றும் அந்த எல்லைக்குள்ளேயே இருந்தன. இருவரும் வழக்காடினார்கள். 2002-இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது.

தப்பு செய்யாத பாட்டிக்கு என்ன பயம் என்று இப்போது நீங்களே சொல்லுங்கள்.

கலவரத்தால் ஏதாவது மாறியதா, இல்லை கண்ணாடி உடைந்ததுதான் மிச்சமா?

மாறியது. மார்ச்சில் போட்ட அந்த வழக்கை நீதிபதி சண்டையாக நடத்தாமல் பேச்சுவார்த்தையாக மாற்றினார். ஊரில் சுமார் 3,500 பேரிடம் கருத்துக் கேட்டார்கள். போலீஸ்காரர்கள், அவர்கள் குடும்பத்தார் உட்பட. 2002 ஏப்ரலில் நகராட்சி, போலீஸ் சங்கம், கறுப்பின அமைப்பு, வழக்கறிஞர்கள் எல்லாரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். போலீஸ்மீதான புகாரை விசாரிக்கத் தனி அமைப்பு வந்தது. ஒரு தெருமுனையில் அதே பையன்களைத் திரும்பத் திரும்பப் பிடிப்பதற்குப் பதில், அந்த முனை ஏன் அப்படி இருக்கிறது என்று பார்ப்பது (விளக்கு எரியாதது, பாழடைந்த வீடு, கண்டுகொள்ளாத உரிமையாளர்) போலீஸின் வேலை முறையாக எழுதப்பட்டது.

எல்லாம் தேனும் பாலுமாக நடக்கவில்லை. கலவரத்துக்குப் பிந்திய கோடையில் கைதுகள் சரசரவென்று குறைந்தன, துப்பாக்கிச் சூடுகள் ஏறின. இடையில் போலீஸ் தலைமை, ஒப்பந்தம் நிறைவேறுகிறதா என்று பார்த்த கண்காணிப்புக் குழுவுக்கு ஒத்துழைக்காமல் நீதிபதி தலையிட வேண்டியதாயிற்று. 2008 வரை இழுத்தது. ஆனாலும் பிற நகரங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போகிற ஒப்பந்தம் அது.

போன வருடம் மகன் வீட்டுக்குப் போனபோது ஓவர்-தி-ரைனைப் பார்த்தேன். அவ்வளவு அழகு! இதில் என்ன குறை?

அழகை நான் குறை சொல்லவில்லை அம்மா. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர் கட்டிய செங்கல் வீடுகள் அவை. இடிந்து விழாமல் நின்றதே பெரிய விஷயம். 1900 வாக்கில் 40,000-க்கு மேல் மக்கள் இருந்த பேட்டை. 2000-இல் சுமார் 7,600 பேர், நூற்றுக்கணக்கான காலிக் கட்டடங்கள்.

2003-இல் மேயரும் ஊரின் பெரிய கம்பெனிகளும் சேர்ந்து 'த்ரீ சி டி சி' என்ற லாப நோக்கற்ற நிறுவனத்தை உருவாக்கினார்கள். கம்பெனிகளின் கடன், வரிச் சலுகை என்று பணம் திரட்டி, அது கட்டடங்களையும் மனைகளையும் வாங்கிக் குவித்தது. பேட்டையின் நடுவே ஓடும் வைன் ஸ்ட்ரீட்டின் தெற்கு முனையிலிருந்து புதுப்பித்துக்கொண்டே வடக்கே நகர்ந்தது. 2012-இல் வாஷிங்டன் பார்க் புதுப்பொலிவோடு திறந்தது: கீழே கார் நிறுத்துமிடம், மேலே ஆடும் நீரூற்று. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் விளையாடிய கூடைப்பந்துத் திடலும் நீச்சல் குளமும் போயின. பார்க்குக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக இயங்கிய வீடற்றோர் இல்லம் 2015-இல் வேறு பகுதிக்குப் போனது.

'காலி வீட்டைத்தானே வாங்கினோம், யாரைத் துரத்தினோம்?' என்பது அவர்கள் தரப்பு. அதில் பாதி நியாயம். ஆனால் அங்கே எடுத்த ஒரு வீட்டுக் கணக்கைப் பாருங்கள். மிகக் குறைந்த வருமானக்காரர் வாடகை கொடுத்து இருக்கக்கூடிய வீடுகள் 2002-இல் 3,235, 2015-இல் 869. யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ள வேண்டாம். வாடகை ஒப்பந்தம் முடிகிறது, வீட்டுக்காரர் விற்கிறார், அவ்வளவுதான்.

போலீஸ் விஷயத்தில் அந்த மக்களுக்கு ஒரு மேஜை கிடைத்தது, அதில் ஒரு நாற்காலியும் இருந்தது. கட்டடத்தை யார் வாங்குவது என்ற விஷயத்தில் அப்படி ஒரு மேஜையே போடவில்லை. என் குறை அதுதான். இன்னொன்றும் இருக்கிறது. அங்கிருந்தவர்களில் பல குடும்பங்கள் முன்பே ஒருமுறை பெயர்ந்தவர்கள். நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைக்குமாக 1960 வாக்கில் பக்கத்து வெஸ்ட் எண்டை இடித்தபோது சுமார் 25,000 பேர் வெளியேறினார்கள்.

ஏழைகள் அங்கேயே தங்க வழியே இல்லையா?

இருக்கிறது, மெதுவான வழி. ஓவர்-தி-ரைன் கம்யூனிட்டி ஹவுசிங் என்ற அமைப்பு கட்டடங்களைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு ஏழைகளுக்கு வாடகைக்கு விடுகிறது. பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் வாடகையைத் தீர்மானிக்கிறார். விலை மலிவாக இருந்த காலத்திலேயே இப்படி இன்னும் நிறைய வாங்கியிருக்க வேண்டும். விலை ஏறிய பிறகு கூட்டம் போட்டுப் பயனில்லை.

கலவரம் கறுப்பினத்தவர் வந்த பிறகுதான் அங்கே ஆரம்பித்ததா?

இல்லை ஐயா. 1855 தேர்தலின்போது குடியேறிகளை வெறுத்த கும்பல் தாக்க வர, ஜெர்மானியர் இதே வைன் ஸ்ட்ரீட்டில் கால்வாய்ப் பக்கம் தடுப்பு எழுப்பிச் சண்டை போட்டார்கள். 1884-இல் ஒரு கொலை வழக்குத் தீர்ப்புக்காக நடந்த கலவரத்தில் கோர்ட்டே எரிந்தது. 50 பேருக்கு மேல் இறந்தார்கள்.

மகளைப் பார்க்க சின்சினாட்டி போகிறேன். அந்தப் பக்கம் போகலாமா?

தாராளமாக. ஆற்றங்கரையிலிருந்து ஸ்ட்ரீட்கார் (டிராம்) ஏறுங்கள், இலவசம்தான், டிக்கெட் வாங்க வேண்டாம். ஃபிண்ட்லே மார்க்கெட்டில் இறங்கி, சனிக்கிழமை காலையாக இருந்தால் காய்கறி வாங்குங்கள். திரும்பும்போது வைன் ஸ்ட்ரீட்டில் தெற்கே நடந்து வாருங்கள். குறுக்கே வரும் லிபர்ட்டி ஸ்ட்ரீட்டுக்கு வடக்கே உள்ள வீடுகளையும் தெற்கே உள்ள வீடுகளையும் நின்று பாருங்கள், புதுப்பிப்பு எதுவரை வந்தது என்று தெரியும்.