அக்கம்பக்கத்தாரிடம் வாயால் சொன்னால் போதாதா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். வீட்டின் பின்பக்கம் ஒரு அறை இழுத்துக் கட்ட வேரியன்ஸ், அதாவது டவுனின் மனை விதியிலிருந்து விலக்கு, வாங்க வேண்டுமாம். பக்கத்து வீட்டாரிடம் நேரில் சொல்லிவிட்டால் போதாதா?

போதாது. நானும் அப்படி நினைத்துத்தான் ஆரம்பித்தேன்.

எங்கள் வீட்டில் பின் எல்லையிலிருந்து விட வேண்டிய இடம் நாலு அடி குறைந்தது. இரண்டு பக்கத்து வீட்டாரும் சிரித்த முகமாகச் சரி என்றார்கள், வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். ஆனால் சட்டம் பேசுவது அந்த இரண்டு வீட்டை மட்டும் அல்ல. உங்கள் மனையின் எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் 200 அடிக்குள் சொத்து வைத்திருக்கும் அத்தனை பேருக்கும், டவுன் போர்டு விண்ணப்பத்தை விசாரிக்கும் ஹியரிங்குக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் நோட்டீஸ் போயாக வேண்டும், நேரில் கையில் கொடுக்கலாம், இல்லையென்றால் சர்டிஃபைட் மெயிலில் (நம்மூர்ப் பதிவுத் தபால் மாதிரி) அனுப்பலாம். வாடகைக்கு இருப்பவரிடம் கொடுத்துவிட்டு வராதீர்கள், வரிப் பதிவேட்டில் உள்ள உரிமையாளருக்குத்தான் போக வேண்டும்.

பெயர்களை நீங்களே மேப் பார்த்து எண்ணவும் வேண்டாம். டவுனில் எழுதிக் கேட்டால் 7 நாளுக்குள் பட்டியல் தருவார்கள். கட்டணம் 10 டாலர், அல்லது பெயருக்கு 25 சென்ட், இதில் எது அதிகமோ அது. அந்தப் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போயிருந்தால் பழி உங்கள் மேல் வராது. நீங்களாகத் தயாரித்த பட்டியலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வீடு கவுன்டி (மாவட்ட) சாலையை ஒட்டியிருந்தால் கவுன்டி பிளானிங் போர்டுக்கும் ஒன்று போக வேண்டும்.

கடிதம் போக, அந்த நோட்டீஸைப் பத்திரிகையிலும் விளம்பரமாகப் போட வேண்டியிருந்தது. நான் கோட்டை விட்டது அதில்தான். கடிதங்களை நேரத்தோடு அனுப்பிவிட்டேன், விளம்பரத்துக்கும் அதே 10 நாள் கணக்கு என்பது மண்டையில் ஏறவில்லை, எட்டு நாளுக்கு முன்னால்தான் வந்தது. போர்டின் வக்கீல் தேதியைப் பார்த்தார், இன்று கேட்க முடியாது என்றார், அவ்வளவுதான். ஆர்க்கிடெக்டை வேறு கூட்டிக்கொண்டு போயிருந்தேன், அந்தக் கூலியும் போச்சு. நோட்டீஸ் சரியில்லை என்றால் விண்ணப்பத்தை விசாரிக்கவே போர்டுக்கு அதிகாரம் இல்லை, அதனால் கெஞ்சியும் பயனில்லை. மறுபடி கடிதம், மறுபடி விளம்பரம், ஒரு மாதம் காலி.

நோட்டீஸில் என்ன கட்டப் போகிறீர்கள் என்று பாமரருக்கும் புரிகிற மாதிரி எழுதுங்கள். நியூ ஜெர்சியின் லேசி டவுன்ஷிப் வழக்கு ஒன்றில் சப்டிவிஷன் (மனையைப் பிரிப்பது), கண்டிஷனல் யூஸ் (நிபந்தனையோடு அனுமதிக்கும் பயன்பாடு) என்றெல்லாம் எழுதியவர்கள், வரப்போவது கேமார்ட் கடை வளாகம் என்பதைச் சொல்லவில்லை. அந்த நோட்டீஸ் போதாது என்று 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எல்லோரும் கையெழுத்துப் போட்டு வாங்கினார்களா என்று தவிக்க வேண்டாம், தபாலில் சேர்த்தாலே அனுப்பியதாகக் கணக்கு. தபால் ஆபீஸ் முத்திரை போட்ட ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள், அஃபிடவிட்டோடு (சத்தியம் செய்து தரும் வாக்குமூலம்) போர்டில் கொடுக்க வேண்டும்.

அப்புறம், கடிதம் போகும் முன் ஒரு நடை நேரில் போய்விட்டு வாருங்கள். சர்டிஃபைட் மெயில் என்றாலே இங்கே பலருக்கு வயிற்றைக் கலக்கும். முதல் ஹியரிங் அன்று எங்கள் பின்வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஆறு வருடத்தில் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டாவது முறை வரைபடத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். அவர் கேட்டது ஒன்றுதான், கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் விழும் என்று. குழாயை எங்கள் பக்கமே திருப்பி வரைந்து கொடுத்தோம். அடுத்த ஹியரிங்குக்கு அவர் வரவே இல்லை.