பைக்கை விற்றாச்சு, சலான் மட்டும் எனக்கு வருது!

கேள்வி: எட்டு மாதம் முன்பு பைக்கை விற்றுப் பணம் வாங்கிவிட்டேன், ஆர்.சி. புக்கையும் கொடுத்தாகிவிட்டது. இப்போது ஹெல்மெட் போடவில்லை, சிக்னலைத் தாண்டினார் என்று என் செல்போனுக்கு சலான் வருகிறது. நான் ஏன் கட்ட வேண்டும்?

பதில்: விற்ற விஷயம் உங்களுக்கும் வாங்கியவருக்கும் தெரியும், ஆர்.டி.ஓ. பதிவேட்டுக்குத் தெரியாதே! கேமரா பிடிப்பது நம்பர் பிளேட்டை. அந்த நம்பர் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் சலான். முதலில் சலானில் உள்ள படத்தைத் திறந்து நம்பர், தேதி, இடத்தைச் சரிபாருங்கள். உங்கள் பழைய வண்டிதான் என்றால், விற்பனை ஒப்பந்தம், பணம் வந்ததற்கான வங்கி விவரம், வாங்கியவரின் முகவரி ஆகியவற்றோடு சலான் போட்ட போக்குவரத்துக் காவல் பிரிவில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

சலானாவது சில்லறைத் தொல்லை. அந்த பைக் யாரையாவது இடித்து, இன்சூரன்சும் காலாவதியாகியிருந்தால் நஷ்டஈடு உங்கள் தலையில் விடியும். பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

விற்றவர், விற்பனையைத் தெரிவிக்கும் படிவம் 29-ஐ 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்திருக்க வேண்டும். தாமதமானாலும் இன்றே கொடுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 30-இல் இருவர் கையெழுத்தும் தேவை. பெரும்பாலானோர் கோட்டை விடுவது எங்கே தெரியுமா? பெயர், தேதி இரண்டையும் காலியாக விட்டு, கையெழுத்து மட்டும் போட்டுப் புரோக்கரிடம் நீட்டிவிடுகிறார்கள். அவர் அடுத்த ஆள் கிடைக்கும்வரை படிவத்தைப் பையிலேயே வைத்திருப்பார். வண்டி நாலு கை மாறும். பதிவேட்டில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும்.

கேள்வி: மகனுக்கு 16 வயது. பக்கத்துக் கடைவரை 110 சிசி ஸ்கூட்டரில் போய்வரலாமா?

பதில்: கூடாது. 16 வயதில் லைசென்ஸ் கிடைப்பது 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். மாட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. ‘எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான்’ என்றால் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். சாவி ஹாலில் ஆணியில் தொங்கினால் அந்த வாதம் எடுபடுவது சிரமம்.

கேள்வி: போலீஸ் ஊதச் சொன்னால் மறுக்கலாமா?

பதில்: மறுத்தால் சிக்கல் கூடும். குடித்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம். மறுத்ததும் வழக்கில் உங்களுக்கு எதிரான சாட்சியமாகும். வரம்பு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். அதைத் தாண்டினால், முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். இல்லையேல் விடுவிக்க வேண்டும். சற்றுமுன் மவுத்வாஷால் வாய் கொப்பளித்திருந்தால் உடனே சொல்லிவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதக் கேளுங்கள். கருவியில் வரும் சீட்டில் தேதி, நேரம், அளவு மூன்றையும் பார்த்தபிறகே கையெழுத்துப் போடுங்கள்.