மாத்திரை போட்டபின் பட்டினி: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

அப்பாவுக்கு ரொம்ப நாளாகச் சர்க்கரை. சம்பா நடவு நேரம். காலையில் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வயலுக்குப் போனவர் பதினொரு மணிக்கு வேர்த்து, கை நடுங்கி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். சோதித்தால் சர்க்கரை 52க்கு இறங்கியிருந்தது. சாப்பிடாவிட்டால் சர்க்கரையை இறக்கும் இன்சுலின் அதிகம் சுரக்காதே, பிறகு எப்படி?

வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்வது சரி, மாத்திரை இல்லாதவரை. வெறும் வயிற்றில் இன்சுலின் கொஞ்சமாகத்தான் சுரக்கும். ஆனால் இந்த மாத்திரை அந்தக் கணக்கைக் கடந்து வேலை செய்வது.

ரத்தத்தில் குளுக்கோஸ் எவ்வளவு என்று கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அறிவது, அதை எரித்துப் பார்த்துத்தான். ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறினால் செல்லுக்குள்ளும் ஏறும். குளுக்கோகைனேஸ் என்ற நொதி அந்த அளவுக்கு ஏற்ற வேகத்தில் அதை எரிக்க அனுப்பும். எரிய எரிய ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு சேரும். அது கூடினால், செல்லின் சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் துளைகள் மூடிக்கொள்ளும். வடிகால் மதகை அடைத்ததும் வயலில் நீர் ஏறுவதுபோல் உள்ளே நேர்மின்னேற்றம் ஏறும். உடனே வேறு துளைகள் திறந்து கால்சியம் உள்ளே பாயும். தயாராக நிற்கும் இன்சுலின் வெளியே கொட்டும். முதல் சில நிமிடம் வேகமாக, அப்புறம் நிதானமாக. சர்க்கரை இறங்கினால் எரிவது குறையும், பொட்டாசியத் துளைகள் திறக்கும், சுரப்பு அடங்கும். அளப்பதும் சுரப்பதும் ஒரே செல்லுக்குள் நடப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

கிளிமிபிரைடு அந்தப் பொட்டாசியத் துளைகளை நேரடியாகப் பிடித்து மூடிவிடுகிறது. அப்பா சாப்பிட்டாரா இல்லையா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. போதாததற்கு, உழைக்கும் தசை இன்சுலின் இல்லாமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். (மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரை இந்தத் துளைகளைத் தொடுவதில்லை, அதை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி இறங்குவது அரிது.)

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நடந்ததையும் அப்பாவின் வேலை நேரத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ அவர் மாற்றக்கூடும். அதுவரை சாப்பிடாமல் மாத்திரை வேண்டாம், பழைய சோறாவது போதும். மடியில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். நடுக்கம் வந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துச் சோதித்து, ஏறவில்லை என்றால் மறுபடி குடிக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள். தெளிந்த பிறகும் சோறு சாப்பிட வைத்து, அன்று முழுக்கக் கூடவே யாராவது இருங்கள். இந்த மாத்திரையின் வேகம் நாள் முழுக்க நிற்கும். ஏறிய சர்க்கரை மறுபடியும் இறங்கலாம்.