இறால் ஓட்டுப் பொடி மூட்டுவலிக்கு நல்லதா?

கேள்வி: எனக்கு 61 வயது. முழங்கால் தேய்மானம் இருக்கிறது. இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியிருப்பதால், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறேன். இறால், நண்டு ஓட்டில் மூட்டு மருந்தும் கால்சியமும் இருக்கிறதாம். தூக்கிப் போடாமல் காயவைத்துப் பொடித்துச் சாப்பிடச் சொல்கிறார்கள். சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்கு மட்டுமல்ல, யாருக்குமே அந்தப் பொடியை நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்களிடம் சொன்னவர் முழுக்கத் தவறாகவும் சொல்லிவிடவில்லை.

ஓட்டில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், புரதம், கைட்டின் என்ற நார்ப்பொருள். ஆலையில் அமிலத்தில் ஊறவைத்து முதலில் கால்சியத்தைக் கரைத்தெடுப்பார்கள். அப்புறம் காரக் கரைசலில் புரதம் போகும். மிஞ்சும் கைட்டினைச் செறிவான காரத்தில் சூடாக்கினால் கைட்டோசான் கிடைக்கும். செறிவான அமிலத்தில் உடைத்தால் குளுக்கோசமைன்; மூட்டு மருந்து என்று அவர்கள் சொல்வது இதைத்தான். மிக்ஸியில் அரைத்தால் இதில் எதுவும் நடக்காது.

இதில் கைட்டோசான்தான் அருமையான பொருள், அதுவும் ரத்தக்கசிவை நிறுத்துவதில். அதற்கு நேர் மின்னூட்டம். ரத்தச் சிவப்பணுக்களின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம். கைட்டோசான் பூசிய துணியைக் காயத்தின் மேல் அழுத்திப் பிடித்தால் அணுக்கள் அதில் வந்து ஒட்டி, பசைபோல இறுகிக் கசிவை அடைத்துவிடும். உடலின் இயல்பான உறைதலை இது பெரிதாக எதிர்பார்ப்பதில்லை. அதனால் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களின் காயத்திலும் உதவுகிறது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அமெரிக்க ராணுவம் இந்தக் கட்டுத்துணியைப் பயன்படுத்தியது. குப்பைக்குப் போகிற ஓட்டிலிருந்து உயிர் காக்கும் பொருள் வருவது எனக்கு இன்றும் வியப்புதான்.

குளுக்கோசமைன் விஷயத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. முழங்கால் தேய்மானம் உள்ள 1,583 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. மொத்தமாகப் பார்த்தால், மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட குளுக்கோசமைன் சாப்பிட்டவர்களுக்கு வலி குறிப்பிடும்படி குறையவில்லை. உங்கள் விஷயத்தில் ஆபத்தும் உண்டு. வார்ஃபரினோடு குளுக்கோசமைன் சேர்ந்தபோது ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் அளவு) ஏறியதாகப் பதிவுகள் இருக்கின்றன. ஐ.என்.ஆர். ஏறினால் ரத்தக்கசிவு வரலாம். ஆகவே கடையில் விற்கும் குளுக்கோசமைன் மாத்திரையையும் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

சரி, கால்சியம்? ஓட்டில் நிறையவே இருக்கிறது. ஆனால் வீட்டுப் பொடியில் ஒரு கரண்டிக்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களும் ஓட்டில் தங்கியிருக்கலாம். சரியாகப் பொடியாகாத துணுக்குகள் தொண்டையைக் கீறும். வீட்டில் யாருக்காவது இறால் ஒவ்வாமை இருந்தால், அரைக்கும்போது பறக்கும் தூசியே மூச்சிரைப்பைக் கிளப்பிவிடலாம். கால்சியம் தேவை என்று உங்கள் மருத்துவர் சொன்னால், அளவு தெரிந்த மாத்திரையே போதும். கார்பனேட் வகை என்றால் சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

முழங்காலுக்கு நான் முதலில் சொல்வது தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி. எடை கூடுதலாக இருந்தால் அதையும் குறைக்க வேண்டும். வலி தாங்கவில்லை என்று ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிவிடாதீர்கள். வார்ஃபரினோடு அவை சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். பொடியை ஏற்கெனவே சாப்பிட ஆரம்பித்திருந்தால் நிறுத்திவிட்டு, இந்த வாரமே ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.