ரேகை விழாத விரலும் ரோமாபுரிக் கையெழுத்தும்

கேள்வி: அண்ணாச்சி, போப்பாண்டவர் தரப்பு, இமாம், யூத குரு எல்லாரும் சேர்ந்து ஏஐ இப்படித்தான் நடக்கணும்னு கையெழுத்துப் போட்டிருக்காங்களாமே. பீடி சுத்துற எனக்கு இதனால என்ன? (முக்கூடல் வாசகி)

பதில்: தாயி, நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 பிப்ரவரி 28 அன்று வத்திக்கானில் ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவு, எப்படி நடக்க வேண்டும் என்று ‘ரோம் அழைப்பு’ என்ற ஒரு பிரகடனம் வந்தது. மைக்ரோசாஃப்ட், ஐபிஎம், ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு, இத்தாலி அரசு எல்லாம் அதில் கையெழுத்துப் போட்டன. 2023 ஜனவரியில் யூத, இஸ்லாமியப் பெரியவர்கள் சேர்ந்தார்கள், 2024 ஜூலையில் ஹிரோஷிமாவில் கீழைநாட்டுச் சமயத்தாரும் வந்தார்கள். அணுகுண்டு விழுந்த ஊரைச் சும்மாவா பிடித்திருப்பார்கள்? மொத்தம் ஆறு கொள்கை, உங்களுக்கு வேண்டியது இரண்டு: ஒருத்தரையும் வெளியே நிறுத்தக் கூடாது, கருவி தப்புப் பண்ணினால் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்க வேண்டும்.

போன மாதம் ரேஷன் கடையில் எனக்கு முன்னால் ஒரு அக்கா நின்றார். முப்பது வருஷமாகச் சொளகை மடியில் வைத்து இலை சுருட்டிய கை, ரேகை பாதி தேய்ந்துவிட்டது. கட்டை விரலை வைத்தார், முந்தானையில் துடைத்துவிட்டு ஆள்காட்டி விரலை வைத்தார், அப்புறம் தலைமுடியில் தேய்த்துக் கொஞ்சம் எண்ணெய்ப் பசை ஏற்றிக்கொண்டு மறுபடி வைத்தார், மெஷின் கேட்பதாக இல்லை. “நான் என்ன செய்ய, மெஷின் எடுக்க மாட்டேங்கு” என்றார் கடைக்காரர். அவரைத் திட்டி என்ன பிரயோஜனம், அவர் கையில் ஒன்றும் இல்லை. அக்கா வெறும் பையோடு வீட்டுக்குப் போனார்.

ரேகை மெஷினை ஏஐ என்பது கொஞ்சம் இழுத்துச் சொல்வதுதான். ஆனால் நாளைக்குக் கடனும் வேலையும் ஏஐ பார்த்துச் சொல்லும்போது இதே பதில்தான் வரும், ‘மெஷின் எடுக்கவில்லை’. யார் எடுக்கச் சொன்னது, யாரிடம் போய்க் கேட்பது என்பதற்கு ஆள் இருக்காது. அந்தக் கையெழுத்து யாரையும் கட்டுப்படுத்தாது, மீறினால் அபராதமும் கிடையாது, அது வேறு விஷயம். ஆனாலும் ‘நீங்கள் ஒத்துக்கொண்டதுதானே’ என்று எடுத்து நீட்ட ஒரு காகிதம் இருக்கிறது.

கேள்வி: சாமி கும்பிடுகிறவர்களுக்கு கம்ப்யூட்டரில் என்ன வேலை? சட்டம் போட்டால் போதாதா? (மேலப்பாளையம் கல்லூரி மாணவர்)

பதில்: சட்டம் வேண்டும் தம்பி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 2024 ஜூனில் இத்தாலியில் ஜி7 என்கிற ஏழு பணக்கார நாடுகளின் தலைவர்கள் கூடிய இடத்துக்கு அப்போதைய போப் பிரான்சிஸ் போய் உட்கார்ந்து, மனித உயிரை எடுப்பதா வேண்டாமா என்று எந்த இயந்திரமும் முடிவு பண்ணக் கூடாது என்றார். அதே மேசையில் ஒரு பிரதமர் இதைச் சொன்னால், உன் ராணுவம் என்ன செய்கிறது என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்பார். போப்பிடம் அந்தக் கேள்வி செல்லாது.

நம்மூரையே பாருங்கள். பாளையங்கோட்டையில் கண் தெரியாத பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் தொடங்கியது மிஷனரிகள், அதுவும் நூறு வருஷத்துக்கு மேலாகிறது. மதம் பரப்பத்தான் வந்தார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளை வெளியே நிறுத்தவில்லையே. இன்றைக்குப் பள்ளிவாசலோ கோயிலோ சர்ச்சோ, வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ, போனில் படிவம் நிரப்பத் தெரியாத பாட்டிக்கு ஒரு பையனை உட்கார வைத்து நிரப்பிக் கொடுத்தால் எனக்கு ஹிரோஷிமா மாநாட்டை விட அது பெரிசு.

கேள்வி: ஏஐக்கு நம்ம திருநெல்வேலித் தமிழ் புரியுமா? (அம்பாசமுத்திரம் வாசகர்)

பதில்: எழுத்துத் தமிழ் ஓரளவு புரிகிறது. ஆனால் இந்த மென்பொருள்கள் வாக்கியத்தைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் படிக்கும், ஒரே சேதியை இங்கிலீஷில் சொன்னால் வருவதை விடத் தமிழில் துண்டு கூடுதலாக வரும், நிறைய இடத்தில் கட்டணமும் துண்டுக் கணக்குதான். தாய்மொழியில் பேசுகிறவனுக்குக் கூடுதல் காசு! பேச்சுத் தமிழுக்கு வந்தால் இன்னும் மோசம். “ஏல, எங்க போற?” என்று ஒன்றிடம் கேட்டுப் பார்த்தேன். ஏலம் எந்தத் தேதியில் நடக்கிறது என்று திருப்பிக் கேட்டது.