கேமரா நகராததற்குக் காரணம்

கேள்வி: பேசும்படம் வந்த காலத்தைப் பற்றிய ஹாலிவுட் இசைப்படமான ‘சிங்கிங் இன் தி ரெயின்’ பார்த்த சூட்டோடு, 1929இல் வெளிவந்து சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய ‘தி பிராட்வே மெலடி’யையும் பார்த்தேன். ஆணி அடித்தாற்போல நிற்கிறது கேமரா. நடிகர்கள் வரிசைகட்டி நின்று பேசுகிறார்கள். மேடை நாடகத்தைப் படம்பிடித்ததற்கா ஆஸ்கர்? இயக்குநருக்குத் தொழில் தெரியாதா?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: நன்றாகவே தெரியும். இயக்குநர் ஹாரி போமான்ட் அதற்கு முந்தின ஆண்டுதான் ‘அவர் டான்சிங் டாட்டர்ஸ்’ என்ற வெற்றிப்படம் கொடுத்தவர். அவர் கையைக் கட்டிப்போட்டது மைக்.

கேமரா ஓடும்போது கடகடவென்று சத்தம் போடும். மௌனப்படக் காலத்தில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. மைக் வந்ததும் அந்தச் சத்தமும் பதிவாகியது. அதனால் கேமராவையும் அதை இயக்குபவரையும் சேர்த்து, ஒலி வெளியேறாத ஒரு பெட்டிக்குள் அடைத்தார்கள். படம் எடுப்பது கண்ணாடி வழியாக. உள்ளே காற்று கிடையாது. கார்பன் ஆர்க் விளக்குகளின் முனகலும் மைக்கில் விழுந்ததால் டங்ஸ்டன் விளக்குகளுக்கு மாறினார்கள்; அந்த வெக்கையில் தளமே அடுப்பாகியது. மைக் தலைக்கு மேலே தொங்கும். நடிகர் சற்று விலகினாலோ முகத்தைத் திருப்பினாலோ குரல் தேய்ந்துவிடும். நீங்கள் பார்த்த வரிசை, மைக்கை விட்டு அகல முடியாதவர்களின் வரிசை.

பாட்டென்றால் பாடு இன்னும் அதிகம். வாத்தியக்குழு படத்தில் தெரியாதபடி தளத்திலேயே உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஆடுபவர் ஒருவர் கால் தவறினால் மொத்தக் குழுவும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். பலகைத் தரையில் இருபது பேர் குதிக்கும் சத்தம் பாட்டை விழுங்கும்.

இந்தப் படத்தில் உங்கள் கண்ணில் படாமல் போன இடம் இங்கேதான் வருகிறது. ‘தி வெட்டிங் ஆஃப் தி பெயின்டட் டால்’ என்ற நடனக் காட்சியை எடுத்து முடித்த பிறகு, தயாரிப்புப் பொறுப்பிலிருந்த இர்விங் தால்பெர்குக்கு அதன் அமைப்பு பிடிக்கவில்லை. திரும்ப எடுக்கச் சொன்னார். படத்தைத் தயாரித்த எம்.ஜி.எம். நிறுவனத்தின் ஒலிப்பிரிவுத் தலைவர் டக்ளஸ் ஷியரர் சொன்ன யோசனை: குறை காட்சியில்தான், இசைப்பதிவு நன்றாகவே இருக்கிறது, அதை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு ஆட்டத்தை மட்டும் மறுபடி எடுப்போம், ஒலியையும் படத்தையும் லேபில் சேர்த்துக்கொள்வோம். அப்படியே செய்தார்கள்.

அந்த நேரத்தில் தளத்தில் மைக் வேண்டியதில்லை. மைக் இல்லையென்றால் கேமராவுக்குப் பெட்டியும் வேண்டாம். வாத்தியக்காரர்களை மறுபடி அழைத்துக் கூலி கொடுக்கவும் வேண்டாம். ஆனால் கவனம் வேறோர் இடத்தில் தேவைப்படும். படம் நொடிக்கு 24 கட்டங்கள் (ஃபிரேம்கள்), நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் ஓடுகிறது. பதிவை ஓடவிடும் கருவியும் கேமராவும் ஒரே சீராகச் சுழலாவிட்டால், சில கட்டங்கள் பிசகினாலே தாளமும் காலும் பிரிந்து நிற்கும். தளத்தில் மைக் இல்லாததால் காலடி ஓசையும் பதிவாகாது. வேண்டுமென்றால் அதைத் தனியே பதிந்து சேர்க்க வேண்டும். இன்றுவரை நம் பாடல் படப்பிடிப்புகள் நடக்கும் முறை இதுவே. தமிழில் ஆரம்பக் காலப் பேசும்பட நடிகர்கள் தளத்திலேயே பாடி நடித்தார்கள், 1938இல் ஏவி. மெய்யப்ப செட்டியாரின் ‘நந்தகுமார்’ படத்தில்தான் நடிப்பவர் ஒருவர், பாடும் குரல் இன்னொருவர் என்ற வழக்கம் தொடங்கியது.

‘பெயின்டட் டால்’ நடனக் காட்சி, இரு வண்ண டெக்னிகலர் என்ற அன்றைய வண்ணப்பட முறையில் எடுக்கப்பட்டது. இன்று கறுப்பு வெள்ளையில் மட்டுமே கிடைக்கிறது. வண்ணம் போன பிரதியை வைத்து அதை எடை போடாதீர்கள்.

‘சிங்கிங் இன் தி ரெயின்’ படத்தோடு ஒப்பிட்டது சரியல்ல. அதில் நீங்கள் ரசித்த ‘யூ வேர் மென்ட் ஃபார் மீ’ முதலில் ஒலித்தது இந்த 1929 படத்தில். பாடலை எழுதிய ஆர்தர் ஃப்ரீடுதான் 1952இல் அந்தப் படத்தைத் தயாரித்தவர். ‘சிங்கிங் இன் தி ரெயின்’ படத்தில் செடிக்குள் மைக்கை ஒளித்து வைத்துப் படாதபாடு படுவார்களே, அந்தக் காட்சி பேசுவது ‘பிராட்வே மெலடி’ எடுக்கப்பட்ட காலத்தைத்தான்.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. ‘பிராட்வே மெலடி’யின் நாயகிகள் அக்கா, தங்கை இருவர்; பணக்காரன் ஒருவன் வந்து தங்கை குயீனியை வளைக்கும் பகுதி நீளம், சலிப்பூட்டுகிறது. ஆனால் தொடக்கத்தைத் திரும்பப் போட்டுக் கேளுங்கள். ஒரு பாடல் பதிப்பகத்தின் அறைகளில் ஆளுக்கொரு பாட்டை ஒத்திகை பார்க்கிறார்கள். எல்லாம் கலந்து இரைச்சலாக வருகிறது. வாய்ப்புக்கு அலையும் இசைக்காரர்களின் நெரிசல் ஒரு வசனமும் இல்லாமல் காதில் விழுகிறது. அதற்குள்ளிருந்து நாயகன் எடி தன் புதுப் பாட்டை எடுத்துப் பாடுகிறான். ஒலி வந்த புதிதில் அதை இவ்வளவு விவரமாகக் கையாண்ட தொடக்கம் அரிது.

அடுத்து, அக்கா ஹாங்க் ஒப்பனை அறையில் இருக்கும் காட்சி. தான் காதலிக்கும் எடியின் மனம் தங்கையிடம் இருப்பது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அவனைக் கோழை என்று திட்டி, தங்கையிடம் போகும்படி விரட்டுகிறாள். அவன் போனதும் கண்ணாடி முன் உட்கார்ந்து முகத்தில் கிரீம் தடவிக்கொண்டே அழுகிறாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வெடிக்கிறது. ஹாங்க்காக நடித்த பெஸ்ஸி லவ் மௌனப்படத்தில் வளர்ந்த நடிகை. முகத்துக்கு அந்தப் பயிற்சி, குரலுக்குப் புதிய மைக், இரண்டும் அவரிடம் சேர்ந்து நிற்கின்றன. கேமரா அங்கும் நகரவில்லை. நகர்ந்திருந்தால் அந்த முகத்தை இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டீர்கள்.